மூன்றாவது வேண்டாம்

பிலிப்பா ஆட்டர்ஷா அந்தக் கோடை முழுவதும் விருந்துகளுக்குப் போய்ப் பட்டினி கிடந்தாள்.

விருந்து வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்காவில், ஒஹையோவில் அந்தத் தெருவில் சனிக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு வீட்டுப் பின்புறத்தில் கரியடுப்பு புகைந்துவிடும். யாராவது வேலிக்கு மேலே தலையை நீட்டி, குடும்பத்தோடு வந்துவிடச் சொல்வார்கள். தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பன்றி விலா, வெண்ணெய் சொட்டுகிற சோளக்கதிர், மலைபோல உருளைக்கிழங்கு. எல்லாம் இருக்கும். பிலிப்பா அடக்கமாக ஒரே ஒரு விலாவை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அதைத் தின்று முடித்ததும் வீட்டுக்காரர் இடுக்கியோடு வருவார்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"ஐயோ, வேணாங்க. போதும்."

"சரி."

அந்த 'சரி'தான் அவளைக் கொன்றது. அவள் பிறந்து வளர்ந்த இங்கிலாந்துச் செல்டன்ஹாமில் ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அப்போதுதான் பேச்சே தொடங்கியிருக்கிறது என்று பொருள். முதல் வேண்டாம் மரியாதைக்காக. இரண்டாவது, எதிராளி மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்காக. மூன்றாவது தடவையும் கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னுதான்" என்று பெருமூச்சு விட்டபடி தட்டை நீட்டலாம். நைஜல் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோதுகூட அவள் முதலில் சொன்னது, "எதுக்கும் நீங்க நல்லா யோசிச்சுக்கோங்க" என்பதுதான். நைஜலும் அந்தப் பக்கத்துக்காரன். ஆகவே பொறுமையாக மறுபடி கேட்டான், அதற்கு மறுவாரமும் கேட்டான். ஒஹையோக்காரனாக இருந்திருந்தால் 'சரி' என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பான். மேபல் என்று ஒரு பிள்ளையே இந்த உலகத்துக்கு வந்திருக்காது.

ஆக, ஒவ்வொரு விருந்து முடிந்ததும் பெரியவர்கள் இருவரும் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் நின்றபடியே ரொட்டியை வாட்டி, டப்பா பீன்ஸைச் சூடு பண்ணி மேலே ஊற்றித் தின்றார்கள். மேபலுக்கு எட்டு வயது. அவள் மட்டும் சாப்பிட மாட்டாள். யார் எதைக் கேட்டாலும் 'வேணும்' என்று சொல்லிவிட்டு வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருப்பாள். "உன் பொண்ணு நாளுக்கு நாள் காட்டுத்தனமா ஆயிட்டு வரா" என்று நைஜல் ரொட்டியை மென்றுகொண்டே வருத்தப்படுவான்.

நைஜல் டயர் கம்பெனியில் பொறியாளன். ஜனவரியில் கம்பெனி அவனை மூன்று வருஷத்துக்கு இங்கே மாற்றியது. அவனுக்கு ஆலையில் ஆள் பழக்கம் ஆகிவிட்டது. பிலிப்பாவுக்குப் பக்கத்து வீட்டு டார்லீன் கிடைத்தாள். மேபலுக்குத்தான் யாரும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, 'தண்ணீர்' சொல்லு, 'தக்காளி' சொல்லு என்று கேட்டு, அவள் உச்சரிப்புக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் விளையாடப் போய்விட்டார்கள். மே மாதத்துக்குள் மேபல் பள்ளியில் வாயைத் திறப்பதையே குறைத்துவிட்டாள். இது பிலிப்பாவுக்குத் தெரியும்.

டார்லீன் கோவால்ஸ்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்துகளை வயர்லெஸ்ஸில் கத்தி மேய்ப்பது அவளுக்கு உத்தியோகம். அந்தக் குரலையே வீட்டிலும் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே பிலிப்பாவை 'நீ' என்றாள், 'கண்ணு' என்றாள், தோளில் கை போட்டாள். பிலிப்பா ஆறு மாதமாகியும் 'நீங்க'வை விட்டு இறங்கவில்லை. டார்லீனின் புருஷன் வேய்ன் புல்தரை போட்டுத் தருகிறவன். அவனிடம் பக்கங்கள் திறந்த ஒரு நீள டிரக் இருந்தது. ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த நாளில், அந்த டிரக்தான் ஊர்வலத்தில் முன்னால் போகும். அதன் மேல் தெருப் பிள்ளைகள் வேஷம் கட்டி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்து மிட்டாய் வீசுவார்கள்.

டிரக்கில் ஏறிய பிள்ளையின் பெயர் ஊருக்கே தெரிந்துவிடும். வழியெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மிட்டாய் தங்கள் பக்கம் வரும் என்று கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியும். டார்லீன் பழைய புகைப்படங்களைக் காட்டிச் சொன்னபோது மேபல் இதைத் தெரிந்துகொண்டாள்.

"நான் அதுல ஏறணும்மா," என்றாள் காரில் வரும்போது. "பிறந்தநாளுக்கு வேற எதுவும் வேணாம். அது ஒண்ணு போதும்."

எப்படியாவது அவளை ஏற்றிவிடுவது என்று பிலிப்பா அன்றே முடிவு செய்துவிட்டாள்.

ஜூன் நடுவில் டார்லீன் அவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள். செல்டன்ஹாம் குடும்பம் தன் வழக்கப்படி காற்றுத் தடுப்புத் துணி, மழைச் சட்டை, சுடுதேநீர்க் குடுவை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது. மண்ணில் கால் வைக்க முடியாத வெயில். காற்று துளிக்கூட இல்லை. நைஜல் அந்தத் துணியைக் கம்பு நட்டுக் கட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"வெயில் களிம்பு தடவிக்கிறியாப்பா?" என்று வேய்ன் குப்பியை நீட்டினான்.

"இல்லைங்க, பரவால்ல. எங்களுக்கு வெயில் பிடிக்கும்."

"சரி," என்று வேய்ன் குப்பியை மூடி வைத்தான். சாயங்காலம் நைஜலின் முதுகு இறாலை வேகவைத்த நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் அவன் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தான்.

டார்லீன் ஐஸ் பெட்டியைத் திறந்து குளிர்ந்த எலுமிச்சைச் சாறு வேண்டுமா என்று பிலிப்பாவைக் கேட்டாள். வேண்டாம் என்றதும் பெட்டி பட்டென்று மூடிக்கொண்டது. பிலிப்பா கொதிக்கிற தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏரி மிகவும் அழகாக இருக்கிறது என்று சொன்னாள்.

அப்போதுதான் டார்லீன் கேட்டாள். சாதாரணமாக, காலிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு, நாலாம் தேதி உன் மேபல் டிரக்ல ஏறுவாளா? ஒரு இடம் இருக்கு."

எந்த நிமிஷத்துக்காகப் பிலிப்பா இரண்டு வாரமாகத் தூக்கத்தில்கூடக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நாற்பது வருஷப் பழக்கம்.

"ஐயோ, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. வேணாங்க, உங்க ஊர்ப் பிள்ளைங்களோட இடத்தை நாங்க எடுத்துக்கக் கூடாது. அதுவும் இது உங்களோட நாள் இல்லையா."

சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் கழுத்தை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தாள்.

டார்லீன் மணல் தட்டுவதை நிறுத்தினாள். முகம் மெல்ல மாறியது. "புரியுது," என்று பிலிப்பாவின் கையை அழுத்தினாள். "நான் யோசிக்காமக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்க." பிறகு எழுந்து, தெருவில் இன்னொரு பிள்ளையான பெய்ஸ்லியின் அம்மாவைத் தேடிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தெருவில் எல்லோரும் விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். பிலிப்பா குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரர் வானொலியில் ஓடுகிற அணிவகுப்பு இசையை அணைத்தார். வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்த வேய்ன், அவள் தலையைக் கண்டதும் கொடியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "காலை வணக்கம்" என்றான். மளிகைக் கடையில் முன்பின் பேசாத ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்து, "நாள் கிட்ட வந்துட்டே இருக்கு. தைரியமா இரும்மா" என்றாள். சொந்த ஊரில் யாரோ தவறிப்போய், செய்தி தனக்குத்தான் கடைசியாக வருகிறதோ என்று பிலிப்பா பயந்துவிட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா உயிரோடு, நல்ல கோபத்தோடு, பக்கத்து வீட்டு வேலிச்செடி தன் பக்கம் வளர்வதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள்.

ஜூலை முதல் தேதி டார்லீன் கனத்த கண்ணாடித் தட்டு ஒன்றைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். சீஸும் கோழியும் போட்டு அடுப்பில் சுட்ட நூடுல்ஸ்.

"இந்த வாரம் நீ ஒண்ணும் சமைக்காத. மனசு சரியில்லாதப்ப அடுப்புக்கிட்ட நிக்கக்கூடாது."

மேபல் மேஜைமேல் எக்கித் துணியைத் தூக்கிப் பார்த்தாள். "இது செத்த வீட்டு நூடுல்ஸ்மா. என் கிளாஸ் டெய்லரோட தாத்தா செத்தப்போ அவங்க வீட்டுக்கு இதேதான் போச்சு. யாரு செத்தா?"

"யாரும் சாகலடி," என்றாள் பிலிப்பா. "டார்லீன், எங்களுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க?"

"நீதான் ஏரியில சொன்னியே. எங்க நாள்னு. எங்களுக்குப் பட்டாசு, உங்க இங்கிலாந்துக்கு அது எங்ககிட்ட தோத்த நாள் இல்லையா. நான் தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்தக் குடும்பம் பக்கத்துல இருக்கப்ப யாரும் ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்கன்னு."

பிலிப்பா படித்த பள்ளியில் ராஜா எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்டாட்டிகளைப் பாடம் நடத்தி முடிக்கவே வருஷம் சரியாகிவிடும். அமெரிக்கா கைவிட்டுப் போன கதைக்கு அங்கே நேரமே இருந்ததில்லை. அதற்காக ஒரு ஆங்கிலேயன் கண்ணீர் விட்டு அவள் பார்த்ததும் இல்லை.

"எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. நிஜமா, துளிகூட இல்ல."

"அப்படித்தான் சொல்லணும்," என்று டார்லீன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ தைரியசாலி கண்ணு."

ஆறு மாதமாக அவள் மரியாதைக்குச் சொன்ன பொய்களையெல்லாம் எழுத்துக்கு எழுத்து நம்பிய டார்லீன், முதல்முறையாக அவள் சொன்ன உண்மையை நம்ப மறுத்துவிட்டாள்.

"டிரக் விஷயத்துலயும் நீ வேணாம்னது நியாயம்தான்," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு டார்லீன் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மேபல் துணியைத் தட்டின் மேல் மறுபடி போட்டு மூடினாள்.

"டிரக்குக்குக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ வேணாம்னியா?"

"மரியாதைக்குச் சொன்னேன்டா. இன்னொரு தடவை கேப்பாங்கன்னு."

"யாருக்கு மரியாதை?" என்றாள் மேபல். மேபல் அழவில்லை. அழுதிருந்தால் பிலிப்பா சமாளித்திருப்பாள். அவள் நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிலிப்பாவுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் எலுமிச்சைக் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு டார்லீன் வீட்டுக்குப் போனாள். நேராகக் கேட்டுவிடுவது என்றுதான் புறப்பட்டாள். வாசலில் நின்ற டிரக்கைப் பார்த்ததும் நேர்வழி மறந்துவிட்டது.

"டிரக் ரொம்ப அழகா வருதுங்க. நெறைஞ்சுபோயிருக்கும் இல்ல?"

"நெறைஞ்சுபோச்சு. பெய்ஸ்லிதான் கடைசி."

"பின்ன, நெறையாம இருக்குமா." பிலிப்பா மூச்சை இழுத்துக்கொண்டாள். "மேபல்கூட ரொம்ப இடத்தை அடைக்கிற பிள்ளை இல்ல. எடையே இல்லைங்க அவகிட்ட."

"ஐயோ பாவம். டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. உசரமா எங்கயாவது உக்காரணும்னா அவளுக்கு ரொம்பப் பிரியம். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"மரம் ஏறுவாளா? பாத்துக்க கண்ணு. நம்ம வேய்னோட தம்பி அப்படித்தான் கைய ஒடிச்சுக்கிட்டான்." டார்லீன் கேக்கை முகர்ந்து பார்த்தாள். "இன்னொரு தட்டு நூடுல்ஸ் சுட்டிருக்கேன். தரட்டுமா?"

"வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி."

பிலிப்பா கேக்கையும் கொடுத்துவிட்டு, நூடுல்ஸும் இல்லாமல், டிரக்கும் இல்லாமல் வீடு திரும்பினாள்.

பிலிப்பாவைப் 'பிப்' என்றே கூப்பிடுகிற நைஜல், நாளிதழைக் கீழே இறக்காமலே ஆலோசனை சொன்னான். "விட்டுடு பிப். இப்பப் போய்க் கேட்டா ரகளை ஆயிடும். அன்னிக்கு எங்கயாவது வெளிய போயிடலாம். குகை ஒண்ணு இருக்காம், நல்லா இருட்டா இருக்குமாம்."

ஆனால் மேபல் குகைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். ஊர்வலத்தைப் பார்க்கப் போகிறாளாம். அவ்வளவுதான் சொன்னாள்.

நான்காம் தேதி காலை பத்து மணிக்கெல்லாம் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. நடைபாதை ஓரத்தில் மடக்கு நாற்காலிகள், குடைகள், தொப்பிகள். பிள்ளைகள் எல்லாம் மிட்டாய் பொறுக்கக் கையில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மேபலும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அவள் பையை விரித்து, மடியில் வைத்து, சுருக்கம் போகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் பிலிப்பாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. வளைவில் வேய்னின் டிரக் திரும்பிவிட்டது. கப்பல் மாதிரி அட்டை கட்டி, மேலே ஆறு பிள்ளைகள். பெய்ஸ்லி சுதந்திர தேவியின் பச்சைக் கிரீடத்தோடு முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒலிபெருக்கியோடு டார்லீன் நடந்து வந்தாள்.

பிலிப்பா தெருவில் இறங்கினாள்.

"வேணாம் பிப்," என்றான் நைஜல்.

அது அவனுடைய முதல் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் அவள் காத்திருக்கவில்லை. நேராகப் போய் டிரக்கின் முன்னால் நின்றாள். வேய்ன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பள்ளி வாத்தியக் குழு ஒருவர்மேல் ஒருவர் முட்டி, பெரிய ஊதுகுழல் ஒன்று அபஸ்வரமாகக் கத்திவிட்டு ஓய்ந்தது. தெரு முழுக்க அவளையே பார்த்தது. அந்த ஆங்கிலேயப் பெண்ணுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. சிலர் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

"கண்ணு," என்று டார்லீன் ஓடிவந்தாள். "வா, நிழல்ல வந்து உக்காரு."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தாள் பிலிப்பா. "ஒருவேளை உங்களுக்குச் சிரமமில்லைன்னா, இது முடியாதுன்னாலும் எனக்கு நல்லாப் புரியும்..." நிறுத்திக்கொண்டாள். இதே பாதையில் போனால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "எனக்கு வேணும். என் பொண்ணு அந்த டிரக்ல ஏறணும். அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னதுக்கு வேணும்னுதான் அர்த்தம். விலா எலும்பும் வேணும், எலுமிச்சைச் சாறும் வேணும், நூடுல்ஸும் வேணும். ஆறு மாசமா எனக்கு எல்லாமே வேணும் டார்லீன்."

வாழ்க்கையில் அவள் இவ்வளவு கேவலமாக என்றைக்கும் உணர்ந்ததில்லை. கண்ணைத் திறந்தபோது டார்லீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள் டார்லீன். அவ்வளவுதான். அவமானம், ரகளை, எதுவும் நடக்கவில்லை. டார்லீன் ஒலிபெருக்கியை மேலே திருப்பினாள். "பெய்ஸ்லி, தங்கம், உன் இடத்தை மேபலுக்குத் தரியா?"

"மாட்டேன்," என்றாள் பெய்ஸ்லி.

"மாட்டேங்கறா கண்ணு. நான் என்ன பண்ணட்டும்," என்று டார்லீன் கையை விரித்தாள். தெரு முழுக்கத் தலையசைத்தது. பிள்ளை சொல்லிவிட்டது, விஷயம் முடிந்தது. வேய்ன் வண்டியைக் கிளப்பக் கை வைத்தான்.

ஆனால் பிலிப்பா அந்தக் குரலைக் காதில் வாங்கியிருந்தாள். வாழ்நாள் முழுக்க இந்தச் சரக்கையே கொடுத்து வாங்கிப் பழகியவள். பெய்ஸ்லி மாட்டேன் என்று சொன்ன அவசரம், கால் மாற்றிக் கால் வைத்து நின்ற விதம் எல்லாம் அவளுக்கு ரொம்பப் பழக்கமானவை. அது சுத்தமான செல்டன்ஹாம் வேண்டாம்.

"நிஜமாவா செல்லம்?" என்று கேட்டாள்.

பெய்ஸ்லி திகைத்தாள். அவளை யாரும் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. "மாட்டேன்," என்றாள், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

"நான் கட்டாயப்படுத்தல. இருந்தாலும், நல்லா யோசிச்சியா? மேல வெயிலா இருக்கும். உனக்கு இறங்கணும்போல இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பெய்ஸ்லி இரண்டு முழங்காலையும் ஒட்டிக்கொண்டாள். "எனக்கு மூத்திரம் வருது," என்றாள். "ரொம்ப நேரமா வருது. நடுவுல நிறுத்த முடியாதுன்னு அம்மா சொன்னாங்க."

கிரீடத்தைக் கழற்றி அட்டைக் கப்பலின் மேல் வைத்துவிட்டு, நாலு பேர் கையை நீட்டுவதற்குள் அவளே குதித்து, எதிர்வீட்டுக்குள் ஓடி மறைந்தாள்.

மேபலை யாரும் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. பை ஓரக்கல்லில் கிடந்தது, அவள் டிரக்கின் மேல் இருந்தாள். யாரோ அவள் தலையில் கிரீடத்தை மாட்டினார்கள். அது நெற்றிவரை இறங்கியது. டார்லீன் ஒலிபெருக்கியில், "மேபல்! எங்க தெரு மேபல்!" என்று ஊரையே எழுப்பினாள். ஓரத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம், 'தக்காளி' சொல்லச் சொன்ன பிள்ளைகள் உள்பட, மேபல், மேபல் என்று கத்த ஆரம்பித்தார்கள். மேபல் இரண்டு கையாலும் மிட்டாயை அள்ளினாள். பிலிப்பாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

டிரக் மெதுவாக நகர்ந்தது. மேபல் ஓரமாக வந்து குனிந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, இத்தனை நாளில் பிலிப்பா பார்க்காத ஒரு முகத்தோடு இருந்தாள்.

"அம்மா, நீயும் ஏறு. இங்க இடம் இருக்கு."

"ஐயோ, நான் எதுக்குடா," என்றாள் பிலிப்பா. "உங்களுக்கெல்லாம் இடைஞ்சலா."

சொல்லிவிட்டு, கழுத்தை லேசாகச் சாய்த்தாள்.

"சரி," என்றாள் மேபல். திரும்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து மிட்டாய் வீசினாள்.

பிலிப்பா தெரு நடுவில் நின்றாள். டிரக் அவளைக் கடந்தது. மேபலின் முதுகும் பச்சைக் கிரீடமும் தள்ளித் தள்ளிப் போயின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் இல்லை, அம்மா வேண்டாம் என்று சொன்னாள், அவள் நம்பிவிட்டாள், அவ்வளவுதான். தன் பிள்ளை இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று பிலிப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மேபல்!" என்று கத்திக்கொண்டு, வாத்தியக் குழுவுக்கு முன்னால், வெந்துபோன தார்ச்சாலையில், அவள் டிரக்கைத் துரத்தி ஓடினாள். "வேணும்டி! ஏறணும்டி எனக்கு!"